நியூரோபிளாஸ்டோமா திரும்பிவிட்டது: பையனை முதல் கட்ட மருந்துச் சோதனையில் சேர்க்கலாமா?

கேள்வி: என் தங்கை மகனுக்கு ஏழு வயது. நான்கு வயதில் நியூரோபிளாஸ்டோமா, அதாவது குழந்தைகளுக்கு வரும் ஒருவகை நரம்புத் திசுப் புற்றுநோய், என்றார்கள். கீமோ, அறுவை சிகிச்சை, ஸ்டெம் செல் மாற்று, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து ஓராண்டுக்கு மேல் பள்ளிக்கும் போய்வந்தான். இப்போது எலும்பில் திரும்ப வந்திருக்கிறது. சென்னையில் பார்க்கும் டாக்டர், ஒரு புது மாத்திரையின் முதல் கட்டச் சோதனையில் இடம் கிடைக்கலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்கிறார். இன்னொரு டாக்டர், வெளிநாட்டு மருந்தை நேரடியாக வரவழைத்துப் போடலாம், இருபது லட்சம் ஆகும் என்கிறார். அம்மா, "பிள்ளையைச் சோதனை எலி ஆக்கிவிடாதீர்கள்" என்று அழுகிறார். என்ன செய்வது?

பதில்:

உங்கள் அம்மாவுக்கு முதல் யோசனையைக் கேட்டுப் பயம். எனக்கோ இரண்டாவதைக் கேட்டுத்தான் பயம். காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் புற்றுநோய் மருத்துவன் அல்லன். மருந்தியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். சென்னையில் மருத்துவமனை நெறிமுறைக் குழுக்களில் பல ஆண்டுகள் உட்கார்ந்து, இப்படிப்பட்ட சோதனைகளின் தாள்களைப் படித்து, கேள்வி கேட்டு, சிலவற்றைத் திருப்பியும் அனுப்பியிருக்கிறேன். பையனுக்கு எது நல்லது என்பதை அவனுடைய ஸ்கேனைப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். புறநோயாளிப் பிரிவில் பதினைந்து நிமிடத்தில் அவரால் சொல்லி முடிக்க முடியாதவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

புது மருந்து என்பது குடும்பத்தின் காதில் விழுகிறது. முதல் கட்டம் என்பது விழுவதில்லை. ஒவ்வொரு கட்டமும் ஒரு கேள்விக்கு விடை தேடுகிறது. முதல் கட்டத்தின் கேள்வி, ஒரு குழந்தையின் உடல் இந்த மருந்தில் எவ்வளவைத் தாங்கும் என்பது. கட்டி சுருங்குகிறதா என்று முறையாகப் பார்ப்பது இரண்டாம் கட்டத்தில். மூன்றாம் கட்டத்தில் நூற்றுக்கணக்கான குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, வழக்கத்தில் உள்ள சிகிச்சையைவிடப் புதியது மேலா என்று ஒப்பிடுகிறார்கள். இப்போதெல்லாம் முதலிரண்டு கட்டங்களை ஒரே ஆய்வாகச் சேர்த்தும் நடத்துகிறார்கள். ஆகவே டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது இது: பையன் சேரப்போவது அளவைத் தேடும் பகுதியிலா, அளவு முடிவான பிறகு வரும் பகுதியிலா?

அளவைத் தேடுவது இப்படி நடக்கும். பெரும்பாலும் பெரியவர்களிடம் ஏற்கெனவே சோதித்து ஓர் அளவு முடிவாகியிருக்கும். உடல் பரப்பளவுக்குக் கணக்கிட்டு அதில் சுமார் 80 சதவீதத்தில் குழந்தைகளுக்குத் தொடங்குவது வழக்கம். மூன்று குழந்தைகள் அந்த அளவில் மருந்து எடுப்பார்கள். முதல் சுற்று, அதாவது பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு வாரம், முடியும்வரை காத்திருந்து பார்ப்பார்கள். யாருக்கும் கடுமையான பாதிப்பு இல்லையென்றால் அடுத்த மூவருக்கு அளவு ஒரு படி கூடும். ஒருவருக்கு வந்தால் அதே அளவில் இன்னும் மூவரைச் சேர்ப்பார்கள். இருவருக்கு வந்துவிட்டால் அந்த அளவு அதிகம் என்று முடிவாகி ஒரு படி இறங்குவார்கள். இப்படி மும்மூன்றாகக் காத்திருப்பதில் நாள் வீணாகிறது என்பதால், நிறுத்தி நிறுத்திச் சேர்க்காமல் ஆறு குழந்தைகள் வரை தொடர்ந்து சேர்க்கும் ஒரு முறையை 2008-இல் குழந்தை மருத்துவர்கள் முன்வைத்தார்கள். பல சோதனைகள் இன்று அப்படித்தான் நடக்கின்றன. "இடம் கிடைக்கலாம்" என்று உங்கள் டாக்டர் இழுத்துச் சொன்னதற்குக் காரணம் இந்த ஏற்பாடுதான். ஒரு படிக்கான இடங்கள் நிரம்பிவிட்டால் அடுத்த படி திறக்கும்வரை கதவு மூடியிருக்கும். அதில் சிபாரிசுக்கு வேலையில்லை. யாரையாவது பிடித்து இடம் வாங்க முயல வேண்டாம்.

இதில் கட்டி சுருங்கவே சுருங்காதா என்றால், சுருங்குவதும் உண்டு. குழந்தைகளுக்கான முதல் கட்டச் சோதனைகளைத் தொகுத்து 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், கிட்டத்தட்ட 2,000 குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. மருந்தின் நச்சாலேயே உயிரிழந்தவர்கள் 200-இல் ஒருவர் அளவில் இருந்தார்கள். சுருங்குவது வேறு, குணமாவது வேறு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தப் பத்தில் ஒருவருக்கும் சுருக்கம் சில மாதங்களோடு முடிந்துவிடலாம்.

அவை பெரும்பாலும் பழைய பாணி கீமோ மருந்துகளின் காலத்துக் கணக்குகள். அதன் பிறகு கட்டியின் மரபணுவில் உள்ள குறிப்பிட்ட கோளாறைக் குறிவைக்கும் மருந்துகள் வந்தன. லாரோட்ரெக்டினிப் என்ற மருந்தின் முதல் கட்டச் சோதனை முடிவு 2018-இல் வெளியானது. டிஆர்கே மரபணு வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொண்ட கோளாறு, அதாவது இணைவு, இருந்த 15 குழந்தைகளில் 14 பேருக்குக் கட்டி சுருங்கியது. முதல் கட்டச் சோதனையில் இப்படி ஓர் எண்ணை அதற்கு முன் யாரும் எதிர்பார்த்ததில்லை. ஆனால் செய்திகளில் 14 மட்டும் அடிபட்டது. அதே சோதனையில் அந்த இணைவு இல்லாத ஏழு குழந்தைகளும் இருந்தார்கள், அவர்களில் ஒருவருக்கும் பலன் இல்லை. மாத்திரை ஒன்றுதான், கட்டிகள் வேறு. அதனால் டாக்டரிடம் இரண்டாவதாகக் கேளுங்கள்: இந்த மாத்திரை எதைக் குறிவைக்கிறது, அது பையனின் கட்டியில் இருக்கிறதா என்று பார்த்தாயிற்றா?

நியூரோபிளாஸ்டோமாவில் இப்படிக் குறிவைக்கத் தகுந்தவற்றில் முக்கியமானது ஆல்க் என்ற மரபணு. நோய் கண்டறியும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தையின் கட்டியில் அதில் கோளாறு இருக்கும். நோய் திரும்பும்போது அந்த விகிதம் கூடுகிறது. நான்கு வயதில் எடுத்த பயாப்ஸியில் இல்லை என்றிருந்தாலும், திரும்ப வந்த கட்டியில் ஒருமுறை பார்ப்பதற்கு இதுவே காரணம். இந்தக் குறிக்கு முதலில் வந்த கிரிசோடினிப் நியூரோபிளாஸ்டோமாவில் பெரிதாகச் சாதிக்கவில்லை. பின்னர் வந்த லோர்லாடினிப், 2023-இல் வெளியான முதல் கட்ட முடிவில், மேலும் நம்பிக்கை தந்தது.

கிரிசோடினிப்பின் கதையில் இன்னொரு கசப்பும் உண்டு. ஐரோப்பாவில் அந்த மருந்தைக் குழந்தைகளிடம் சோதிக்க வேண்டிய கடமையிலிருந்து நிறுவனத்துக்கு விலக்குக் கிடைத்தது. நுரையீரல் புற்றுநோய்க்கான மருந்து இது, குழந்தைகளுக்கு அந்த நோய் வருவதில்லை என்பது வாதம். அதே ஆல்க் கோளாறு குழந்தைகளின் வேறு கட்டிகளில் இருப்பதைப் பற்றி விதி கவலைப்படவில்லை! அமெரிக்காவில் 2017-இல் ஒரு சட்டம் இயற்றி, 2020 ஆகஸ்ட் முதல், மருந்தின் குறி குழந்தைகளின் கட்டியிலும் பொருந்துமானால் குழந்தைகளிடமும் ஆராய வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். அதற்கு முந்தைய நிலையை ஒரே எண்ணில் சொல்லிவிடலாம். ஒரு புற்றுநோய் மருந்து பெரியவர்களிடம் முதலில் சோதிக்கப்பட்டதற்கும் குழந்தைகளிடம் முதலில் சோதிக்கப்பட்டதற்கும் இடையே சராசரியாக ஆறரை ஆண்டு இடைவெளி இருந்தது. உங்கள் பையனின் வயது ஏறக்குறைய அவ்வளவுதான். குழந்தைகளைச் சோதனையிலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, சோதித்தறியாத அளவில் அவர்களுக்கு மருந்து கொடுத்து வந்த காலம் அது.

பெரியவர்களிடம் பார்த்தாயிற்றே, அதே அளவைக் குறைத்துக் கொடுத்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். மெடுல்லோபிளாஸ்டோமா என்ற மூளைக் கட்டியின் ஒரு வகைக்கு விஸ்மோடெகிப் என்ற மருந்தைப் பயன்படுத்திப் பார்த்தபோது, வளரும் குழந்தைகளின் எலும்பு முனையில் உள்ள வளர்ச்சித் தட்டு நிரந்தரமாக மூடிக்கொள்வது தெரிந்தது. உயரம் அத்தோடு நின்றுவிடும். வளர்ந்து முடிந்த பெரியவர்களிடம் எத்தனை ஆயிரம் பேருக்குக் கொடுத்தாலும் இது தெரிந்திருக்காது. கல்லீரல் மருந்தை உடைக்கும் வேகம், சிறுநீரகம் வெளியேற்றும் வேகம், மாத்திரையை விழுங்கவே முடியாத வயது என்று இன்னும் பல உண்டு.

அம்மா சொன்ன சோதனை எலி விஷயத்துக்கு வருகிறேன். அவரிடம் ஒரு பெயரைச் சொல்லுங்கள்: எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அமெரிக்காவில் லெடர்லி ஆய்வகத்தில் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தை எதிர்க்கும் மருந்துகளை உருவாக்கியது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அவற்றில் ஒன்றான அமினோப்டெரினை இரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்து, பத்துப் பேருக்கு நோய் அடங்கியதை 1948-இல் அறிவித்தார். அடங்கியது தற்காலிகமாகத்தான், நோய் திரும்பியது. ஆனால் இரத்தப் புற்றுநோயை மருந்தால் தொட முடியும் என்று உலகம் அறிந்தது அந்தக் குழந்தைகளால்தான். அதே குடும்பத்து மருந்தான மெதோட்ரெக்சேட் இன்றைக்கும் சென்னையில் இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகள் பெரும்பாலானோருக்குப் போகிறது.

நம் ஊரிலேயே நடந்ததும் உண்டு. 1984-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் ஆகிய மூன்றும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து குழந்தைகளுக்கு அதிகம் வரும் லிம்போசைட் வகை இரத்தப் புற்றுநோய்க்கு எம்.சி.பி. 841 என்ற சிகிச்சைத் திட்டத்தைத் தொடங்கின. டாக்டர் சாந்தா அதில் முன்னின்றவர்களில் ஒருவர். அதற்கு முன் இங்கே அந்த வகை இரத்தப் புற்றுநோயில் ஐந்தில் ஒரு குழந்தை பிழைத்தால் பெரிது; அதன் பிறகு பிழைத்தவர் விகிதம் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. அதில் புது மருந்து என்று ஒன்றும் கிடையாது. கையில் இருந்த மருந்துகளை எந்த வரிசையில், எந்த அளவில், எத்தனை மாதம் கொடுப்பது என்று ஒழுங்குபடுத்தி, ஒவ்வொரு குழந்தைக்கும் என்ன ஆனது என்று எழுதிவைத்தார்கள். இப்போது பையனுக்குத் தரும் "வழக்கமான சிகிச்சை" ஒவ்வொன்றும் ஒருகாலத்தில் யாரோ ஒரு குழந்தை சோதனையில் எடுத்துக்கொண்டதுதான்.

புதியது என்றாலே மேலானது என்ற எண்ணமும் தவறு. அமெரிக்கக் குழந்தைப் புற்றுநோய்க் கூட்டமைப்பு நடத்திய மூன்றாம் கட்டச் சோதனைகளை எல்லாம் திரட்டிப் பார்த்து 2005-இல் ஒரு கட்டுரை வந்தது. புதிய சிகிச்சை வென்றதும் பழையது வென்றதும் ஏறக்குறைய சமம். நியூரோபிளாஸ்டோமாவிலேயே இரண்டுக்கும் உதாரணம் இருக்கிறது. அந்தக் கட்டியின் மேல் ஜிடி2 என்ற பொருள் நிறைந்திருக்கும். அதைப் பிடித்துக்கொள்ளும் டினுடக்சிமாப் என்ற எதிர்ப்புப் புரதத்தை, வேறு இரு தூண்டு மருந்துகளோடு, வழக்கமான சிகிச்சையின் முடிவில் சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டாண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் சேர்க்காத பிரிவில் 46 சதவீதம், சேர்த்த பிரிவில் 66 சதவீதம். 2010-இல் வெளியான இந்த முடிவு சிகிச்சையையே மாற்றிவிட்டது. அந்தத் தூண்டு மருந்துகளில் ஒன்று இன்டர்லூகின்-2. இது உண்மையில் உதவுகிறதா என்று ஐரோப்பியர்கள் தனியாகப் பிரித்துச் சோதித்தார்கள். 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள், 2018-இல் முடிவு. கூடுதல் பலன் எதுவும் இல்லை, பக்கவிளைவு மட்டும் அதிகம். எண்ணிப் பார்க்காமல் விட்டிருந்தால் இன்னும் எத்தனை குழந்தைகள் அந்த மருந்தின் காய்ச்சலையும் வலியையும் வீணாக அனுபவித்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இந்தியாவிலும் இப்படி நேர்மையாக எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். சிகிச்சைக்கு அடங்காத கட்டி கொண்ட குழந்தைகளுக்குக் குறைந்த அளவு கீமோ மாத்திரைகளைத் தினமும் கொடுப்பது நம் நாட்டில் வெகு காலமாகப் பழக்கம். டெல்லி எய்ம்ஸில் அதை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு 108 குழந்தைகளிடம் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். ஒட்டுமொத்தமாகப் பார்த்தபோது நோய் முற்றுவதை அது தள்ளிப்போடவில்லை. வெற்று மாத்திரை என்றதும் பதற வேண்டாம். குணப்படுத்தும் சிகிச்சை ஒன்று இருக்கும்போது அதை நிறுத்திவிட்டு வெற்று மாத்திரை கொடுக்க எந்த நெறிமுறைக் குழுவும் விடாது. முதல் கட்டச் சோதனையிலோ பொதுவாக வெற்று மாத்திரை இருக்காது. சேர்கிற எல்லோருக்கும் மருந்தே.

இனி அந்த இருபது லட்சம். முதலில் மருந்தின் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். பெயர் தெரியாமல் நான் சொல்வதெல்லாம் பாதிதான். அது டினுடக்சிமாப் வகையாக இருந்தால் என் பயம் குறையும். நோய் திரும்பிய நியூரோபிளாஸ்டோமாவில் இரினோடெகன், டெமோசோலோமைட் என்ற இரண்டு கீமோ மருந்துகளோடு அதைச் சேர்த்த இரண்டாம் கட்டச் சோதனையில் 17 பேரில் ஒன்பது பேருக்குக் கட்டி சுருங்கியது அல்லது மறைந்தது. அதே கீமோவோடு வேறொரு மருந்தைச் சேர்த்த 18 பேரில் ஒருவருக்குத்தான். 2017-இல் வந்த முடிவு இது. சிறிய எண்கள்தான், ஆனாலும் உங்கள் பையனின் நிலையிலிருந்த குழந்தைகளிடமே எடுத்த எண்கள். நரம்புகளிலும் ஜிடி2 இருப்பதால் இந்த மருந்து ஏறும்போது கடும் வலி வரும். மார்ஃபின் கொடுத்துக்கொண்டே ஏற்றுவார்கள். அதற்குப் பழகிய வார்டு வேண்டும். எத்தனை சுற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் எவ்வளவு, இருபது லட்சம் முழுச் சிகிச்சைக்கா முதல் சுற்றுக்கா என்பதையும் கேளுங்கள். பாதியில் பணம் தீர்ந்து நிறுத்திய குடும்பங்கள் உண்டு.

வேறு ஏதாவது மருந்தென்றால், குழந்தைகளிடம் எந்தச் சோதனையில், எத்தனை பேரிடம் பார்த்தார்கள் என்று கேளுங்கள். "நல்ல பலன் தருகிறது" என்பது விடையாகாது. சொந்த உபயோகத்துக்கு வெளிநாட்டு மருந்தை உரிமம் பெற்று வரவழைக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது, அதில் குற்றமில்லை. என் வருத்தம் வேறு. சோதனைக்கு வெளியே கொடுக்கும்போது, அளவு சரியா என்று யாரும் இரத்தம் எடுத்துப் பார்ப்பதில்லை. எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டி எழுதிவைப்பதில்லை. பையனுக்கு மோசமான விளைவு வந்தால் அடுத்த குழந்தைக்கு அது எச்சரிக்கையாகவும் பயன்படாது. சோதனை எலி என்ற பேச்சு எதற்காவது பொருந்துமானால் இதற்குத்தான் பொருந்தும். அதுவும் நம் செலவில், நம் நகையை அடகு வைத்து.

நோயாளியின் நோயெதிர்ப்பு செல்களையே மாற்றியமைத்துத் திரும்ப ஏற்றும் கார்-டி செல் சிகிச்சை மும்பையில் வந்துவிட்டதே என்று யாராவது சொல்வார்கள். 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி பெற்ற அந்தச் சிகிச்சை பி-செல் வகை இரத்தப் புற்றுநோய்களுக்கானது; சிடி19 என்ற குறி இருந்தால்தான் வேலை செய்யும். நியூரோபிளாஸ்டோமாவில் அந்தக் குறி கிடையாது. ஜிடி2-வைக் குறிவைக்கும் கார்-டியை ரோம் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் 27 பேரிடம் சோதித்து 2023-இல் நல்ல முடிவை வெளியிட்டார்கள். அதுவும் இன்னும் சோதனை நிலையில் உள்ளதே. உறவினர் அனுப்பும் வீடியோக்களைப் பார்த்து விமான டிக்கெட் எடுக்க வேண்டாம்.

சோதனையில் சேர்வதென்றால் சட்டம் தரும் பாதுகாப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். 2019-இல் வந்த விதிகளின்படி புது மருந்துச் சோதனைக்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். அந்தக் குழுவின் தலைவர் மருத்துவமனையைச் சேராதவராக இருக்க வேண்டும். சட்டம் தெரிந்தவர் ஒருவர், மருத்துவத்துக்குச் சம்பந்தமில்லாத பொதுமனிதர் ஒருவர் கட்டாயம். என் அனுபவத்தில் மிகக் கூர்மையான கேள்விகள் அந்தப் பொதுமனிதரிடமிருந்துதான் வரும். ஒருமுறை ஒரு தாளில் "சிறிதளவு இரத்தம்" என்று எழுதியிருந்ததை, "எத்தனை ஸ்பூன் என்று எழுதுங்கள்" என்று மாற்றவைத்தவர் அப்படிப்பட்ட ஓர் அம்மாதான். தகவல் தாள் தமிழில் கிடைக்க வேண்டும். அதை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கக் கேளுங்கள். இன்றே கையெழுத்துப் போடுங்கள் என்று யாராவது அவசரப்படுத்தினால், தாளின் கடைசியில் இருக்கும் நெறிமுறைக் குழு எண்ணுக்குத் தொலைபேசியில் பேசுங்கள். அந்த எண் அதற்காகவே இருக்கிறது. முற்றிலும் புதிய மூலக்கூறு என்றால், குழந்தைகள் சேரும் சோதனையில் ஒப்புதல் வாங்குவதை வீடியோவில் பதிவு செய்வார்கள். போலீஸ் விசாரணைபோல இருக்கிறதே என்று தங்கை மிரள வேண்டாம். அது உங்கள் பாதுகாப்புக்கு. சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச மருத்துவமும், ஊனமோ மரணமோ நேர்ந்தால் இழப்பீடும் சட்டப்படி உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினால் வழக்கமான சிகிச்சை குறையக்கூடாது. சி.டி.ஆர்.ஐ. என்ற இந்தியப் பொதுப் பதிவேட்டில் சோதனை பதிவாகியிருக்க வேண்டும். டாக்டரிடம் பதிவு எண்ணைக் கேட்டு இணையத்தில் நீங்களே பார்த்துவிடலாம். எண் இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பையனிடமும் கேட்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி ஏழு முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தையிடம், பெற்றோர் உடனிருக்க, வாய்மொழியாகச் சம்மதம் கேட்க வேண்டும். இது சடங்கல்ல. மூன்று ஆண்டுகளாக ஊசியும் வாந்தியும் பார்த்த குழந்தைக்கு வார்டைப் பற்றி நம்மைவிட அதிகம் தெரியும். "வைட்டமின் மாத்திரை" என்று பொய் சொல்லிச் சேர்க்க வேண்டாம். இரண்டாவது வாரமே கண்டுபிடித்துவிடுவான், அதன்பின் எதையும் நம்பமாட்டான்.

வீட்டுக்கு என்ன சுமை என்பதைக் குடும்பங்கள் குறைத்தே மதிப்பிடுகின்றன. முதல் நாட்களில் மாத்திரை கொடுத்த பிறகு ஒரு மணி, இரண்டு மணி, நான்கு மணி என்பது போன்ற இடைவெளிகளில் இரத்தம் எடுப்பார்கள். அவனுக்கு போர்ட், அதாவது தோலுக்கடியில் பொருத்திய ஊசி வழி, இருந்தால் குத்தல் குறையும். வாரத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ வர வேண்டும். நீங்கள் எந்த ஊர் என்று எழுதவில்லை. வெளியூர் என்றால் முதல் சுற்று முடியும்வரை சென்னையிலேயே அறை எடுத்துத் தங்க வேண்டியிருக்கும். இரவு ரயிலில் காய்ச்சலோடு வரும் நிலை வேண்டாம். சோதனை மருந்துக்கும் அதற்கான பரிசோதனைகளுக்கும் உங்களிடம் பணம் வாங்குவார்களா, பயணச் செலவு தருவார்களா என்பதை எழுத்தில் கேளுங்கள். மருந்து பலன் தந்து, வேறு வழியும் இல்லையென்றால், சோதனை முடிந்த பிறகும் இலவசமாகத் தொடரவும் விதியில் இடம் இருக்கிறது. டாக்டரும் நெறிமுறைக் குழுவும் பரிந்துரைக்க வேண்டும்.

நிலவேம்புக் கஷாயம், பப்பாளி இலைச் சாறு, உறவினர் கொடுத்த லேகியம் எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். திட்டுவார் என்று பயந்து பெற்றோர் மறைக்கிறார்கள். கல்லீரல் அளவுகள் ஏறினால் புது மருந்தின் மேல் பழி விழுந்து, பையனுக்கு மருந்தை நிறுத்திவிடுவார்கள்; மற்றக் குழந்தைகளுக்கான அளவையும் அது குழப்பிவிடும்.

இரண்டு டாக்டர்களும் சொல்லாத மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. புது மருந்து எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்வது. எலும்பு வலிக்குச் சில நாள் கதிர்வீச்சு, தேவையான அளவு மார்ஃபின், வீட்டிலேயே விழுங்கும் எளிய கீமோ மாத்திரை, பள்ளிக்குப் போக முடிந்த நாளில் பள்ளி. அதைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோரைக் கைவிட்டவர்கள் என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. சோதனையில் சேர்ந்தாலும், வலியையும் தொல்லையையும் குறைக்கும் நோய்த்தணிப்பு மருத்துவர் ஒருவரை இப்போதே பார்க்கத் தொடங்குங்கள். சோதனை தோற்ற பிறகு போக வேண்டிய இடம் அது என்று நினைப்பதால் பிள்ளைகள் வாரக்கணக்கில் தேவையில்லாத வலியோடு கிடக்கிறார்கள்.

நானாக இருந்தால் என்ன செய்வேன் என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். கட்டியின் மரபணுச் சோதனை முடிவு வரும்வரை இருபது லட்சத்தைத் தொடமாட்டேன். ஆல்க் கோளாறு இருந்து, சோதனை மாத்திரையும் அதைக் குறிவைப்பது என்றால், பையனும் சரி என்றால், சேர்ப்பேன். பொருத்தம் எதுவும் இல்லை, அளவு தேடும் பகுதிதான் என்றால், அந்த மாதங்களை மருத்துவமனையில் கழிக்கத் தங்கைக்கும் பையனுக்கும் மனம் இருக்கிறதா என்பதை வைத்தே முடிவெடுப்பேன். வேண்டாம் என்றாலும் வருந்தமாட்டேன். இரண்டாவது டாக்டரின் மருந்து ஜிடி2 வகை என்றால், அதே சேர்க்கையை ஏதாவது சோதனையிலோ அறக்கட்டளை உதவியிலோ பெற முடியுமா என்று முதல் டாக்டரிடமே கேட்பேன்.

எந்த முடிவுக்கும் முன் உடனே செய்ய வேண்டிய வேலை ஒன்று. நான்கு வயதில் அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனையின் நோய்க்குறியியல் பிரிவில் பையனின் கட்டித் துண்டு மெழுகில் பதித்துப் பாதுகாத்த பாரஃபின் பிளாக்காக இருக்கும். பதிவு எண்ணையும் டாக்டரின் கடிதத்தையும் கொண்டுபோய் பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேளுங்கள். திரும்ப வந்த இடத்தில் புது பயாப்ஸி எடுக்க முடிந்தால் அதுதான் சிறந்தது. எடுக்க முடியாவிட்டால் ஆய்வகத்துக்கு இந்தப் பழைய பிளாக்தான் கிடைக்கும். எடுத்துத் தர அவர்களுக்குச் சில நாட்கள் ஆகும், முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். திங்கட்கிழமை காலையிலேயே போய்விடுங்கள்.